வீடும் வீடும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நியூயார்க்கில், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தளத்துக் கேன்டீனில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே என் தோழி. அவள் பக்கத்தில் மகள். இந்த வருடம் ஹைஸ்கூல் முடிக்கிறவள். இரண்டு இடத்தில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று, காரில் ஐந்து மணி நேரம் போக வேண்டிய ஊரில், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற கல்லூரி. இன்னொன்று குவீன்ஸ் காலேஜ். கோயிலிலிருந்து பக்கம், பஸ்ஸிலேயே போய்விடலாம்.

"இதுல யோசிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு? இது வீட்டுலேர்ந்து போய் வர்ற காலேஜ்தானே?" என்றாள் தோழி.

அந்தத் 'தானே'யில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நான் அந்தக் கல்லூரியில் எட்டு வருடம் படித்தவள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்காது. மகள் தலை நிமிராமல் காகித டம்ளரின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஒரு கல்லூரிக்கு வக்காலத்து வாங்க எழுதவில்லை. தோழியின் வாயில் வந்தது மிகப் பழைய ஒரு நம்பிக்கை: உண்மையான கல்வி வேண்டுமென்றால் வீட்டை விட்டுப் போக வேண்டும். மதங்கள் பலவும் இதைச் சொல்லியிருக்கின்றன. நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினேன்.

நம் பக்கத்தில் குருகுலம். பையன் அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய்விடுவான். படிப்பு முடிந்துதான் திரும்புவான். நாலந்தாவின் இடிபாடுகளில் துறவிகள் தங்கிப் படித்த சிறு அறைகள் முற்றத்தைச் சுற்றி வரிசையாக இன்றும் நிற்கின்றன. சித்தார்த்தன் தூங்கிக்கொண்டிருந்த மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு இரவில் குதிரை ஏறினான். பட்டினத்தார் கடலளவு செல்வத்தை விட்டுக் கோவணத்தோடு கிளம்பினார். ஐரோப்பாவில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மடாலயத்தின் சாயலிலேயே வளர்ந்தன: நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், சேர்ந்து சாப்பிட ஒரு கூடம், ஜெபிக்க ஒரு சாப்பல், இரவில் பூட்ட ஒரு கதவு. ஐந்து மணி நேரத் தொலைவில் என் தோழியின் மகளுக்காகக் காத்திருக்கும் ஹாஸ்டல் அறையும் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

தமிழில் இந்தக் கேள்வி ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குடியிருப்பதும் வீடு, அறம், பொருள், இன்பம் மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக வைத்த முக்தியும் வீடு. இரண்டுக்கும் 'விடு' என்பதே வேர் என்று சிறுவயதில் தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தார். அப்படியென்றால், இந்த வீட்டை விட்டால்தான் அந்த வீடா?

குவீன்ஸ் காலேஜ் 1937இல் தொடங்கியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், இங்கே எல்லோரும் 'க்யூனி' என்கிறார்களே, அதில் சேர்ந்தது. 1961இல் நகரத்தின் அரசுக் கல்லூரிகளை ஒன்றாகச் சேர்த்து உண்டாக்கிய பல்கலைக்கழகம் அது. நகரத்தின் ஐந்து பிரிவுகளான பரோக்களிலும் சேர்த்து இப்போது 20க்கும் மேற்பட்ட கல்லூரிகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பெரும்பாலானவர்கள் சப்வேயிலும் பஸ்ஸிலும் வந்து படித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். குவீன்ஸ் காலேஜ் வளாகத்தில் முதல் மாணவர் விடுதி திறந்ததே 2009இல்தான். நான் பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து.

அங்கே பழைய கட்டடங்கள் சில உண்டு. சிவப்பு ஓட்டுக் கூரை, ஸ்பானிய பாணி. கல்லூரி வருவதற்கு முன் அங்கே இருந்தது ஒரு சீர்திருத்தப் பள்ளி. வகுப்புக்குப் போகாமல் தெருவில் சுற்றிய சிறுவர்களை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து அங்கே தங்கவைத்தார்கள். இதை நான் மூன்றாம் வருடத்தில் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளைத் திருத்த வீட்டிலிருந்து பிரிப்பதுதான் வழி என்று ஒரு காலம் நம்பிக் கட்டிய சுவர்கள். அதே சுவர்களுக்குள் அடுத்த தலைமுறை வந்து உட்கார்ந்து படித்துவிட்டு, சாயங்காலம் அம்மா சமைத்ததைச் சாப்பிட வீட்டுக்குப் போனது. அது தெரிந்த பிறகு அந்த ஓட்டுக் கூரைகளின் கீழே நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெகிழ்ச்சி வரும்.

நான் மயிலாடுதுறைக்காரி. 1994இல் ஃப்ளஷிங் வந்தேன். 1999 செப்டம்பரில் கல்லூரியில் சேர்ந்தபோது வயது 36. பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. பகலில் ஜாக்ஸன் ஹைட்ஸ் 74ஆம் தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடை முடிந்ததும் 7ஆம் நம்பர் ரயிலைப் பிடித்துக் கடைசி நிறுத்தமான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்குவேன். அங்கிருந்து கிஸ்ஸீனா புலவார்டு வழியாகப் போகும் க்யூ-25 பஸ். மெட்ரோகார்டில் அப்போது ஒன்றரை டாலர் கழியும். ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாற அதுவே போதும். வகுப்பு ஆறரைக்கு.

அந்த பஸ் போகிற வழியில்தான் எங்கள் வீட்டு நிறுத்தம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தெருமுனையில் எங்கள் கட்டடம் தெரியும். மூன்றாம் மாடி, இடது ஓரம், சமையலறை விளக்கு. பையன் அந்நேரம் ஹோம்வொர்க் நோட்டோடு மேஜையில் இருப்பான். பெண் தலை பின்னிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருப்பாள். இறங்க வேண்டுமானால் ஜன்னலோர மஞ்சள் பட்டையை ஒருமுறை அழுத்தினால் போதும். என் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அது. நான் கைகளைப் பையின் மேல் கோத்து வைத்துக்கொள்வேன். வேறு யாராவது அழுத்தி, பஸ் நின்று, கதவு திறந்து, வெங்காயம் வதங்கும் வாசனை யார் வீட்டிலிருந்தோ உள்ளே வரும். கதவு மூடும். பஸ் கிளம்பும்.

குதிரை ஏறிப் போன இளவரசன் ஒரே ஓர் இரவு அதைச் செய்தான். நான் வாரத்துக்கு இரண்டு முறை, எட்டு வருடம் செய்தேன். அவனோடு என்னை ஒப்பிட இதைச் சொல்லவில்லை. விடுதல் என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்தது எனக்கு நினைவில்லை. அந்த நிறுத்தத்தில் பஸ் நிற்கும் அரை நிமிடத்தில்தான் கற்றேன். விடுவது ஒருமுறை நடந்து முடிகிற காரியம் என்று நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே அளவு வலிக்கிறது. ஆனால் அதற்கு மறுபாதியும் உண்டு. ஒன்பதரை மணி பஸ்ஸில் திரும்பி வரும்போது அதே நிறுத்தத்தில் அந்த மஞ்சள் பட்டையை நானே அழுத்துவேன்.

மறுபாதியை எனக்குக் கற்பித்தவர் என் மாமியார்.

மாமனார் போன பிறகு 1996இல் எங்களோடு வந்து இருந்தார். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். இரவு பத்து மணிக்கு நான் சாவி போடும் சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சுடவைப்பார். நான் சாப்பிட, அவர் எதிரே உட்கார்ந்து மறுநாளைக்குச் சின்ன வெங்காயம் உரிப்பார். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்:

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

பொருளாதாரம் என்றால் அதைச் சொல்வேன். உயிரியல் என்றால் அதை. மருமகள் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். நான் வகுப்பில் எடுக்கும் குறிப்பே மெதுவாக மாறிப்போனது. அத்தைக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். தமிழில் சொல்ல வராத இடம், எனக்கே சரியாகப் புரியாத இடம் என்று கண்டுபிடித்தேன். அந்த எட்டு வருடத்தில் நான் எழுதிய தேர்வுகளில் மிகக் கடினமானது அந்தச் சமையலறையில்தான் நடந்தது.

இரண்டாம் வருடம் தத்துவ வகுப்பில் சாக்ரடீஸின் மரணம் வந்தது. அன்றிரவு அத்தைக்குக் கதையாகச் சொன்னேன். ஏதென்ஸ் நகரம், கடைத்தெருவில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த கிழவர், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று வழக்கு, மரண தண்டனை. சிறையில் நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். ஆன்மா அழியுமா அழியாதா என்று அவர் நாள் முழுவதும் பேசுகிறார். சாயங்காலம் விஷக் கோப்பையை வாங்கி அமைதியாகக் குடிக்கிறார். வகுப்பில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தைக்கும் கலங்கும் என்று எதிர்பார்த்தேன்.

வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அந்த மனுசனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா?"

"இருந்தாங்க அத்தை. மூணு பையன்."

"அவ எங்க இருந்தா அப்போ?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ரயிலில் புத்தகத்தைத் திறந்து தேடினேன். இருக்கிறாள். பிளேட்டோ மறைக்கவில்லை. நண்பர்கள் உள்ளே வரும்போது மனைவி ஸாந்திப்பி குழந்தையை வைத்துக்கொண்டு கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களைப் பார்த்ததும் கதறுகிறாள். சாக்ரடீஸ் தன் நண்பன் கிரிட்டோவிடம், யாராவது இவளை வீட்டுக்குக் கூட்டிப் போகட்டும் என்கிறார். கிரிட்டோவின் ஆட்கள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகுதான் ஆன்மாவைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. கடைசியில் ஒருமுறை குடும்பத்தார் வருகிறார்கள், பேசி அனுப்பிவிடுகிறார். ஒரு முறை படித்து, குறிப்பெடுத்து, கண் கலங்கியும் என் கண்ணில் அவள் படவே இல்லை.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுல யாரு விளக்கு ஏத்தினா?" என்றார்.

அதையே கட்டுரையாக எழுதினேன். திருப்பிக் கொடுத்தபோது பேராசிரியர், இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் கேட்டிருந்தார். எங்கள் சமையலறையிலிருந்து என்றேன். வகுப்பில் வாசிக்கச் சொன்னார். முதியவர்களைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டுவிட்டு வகுப்புக்கு வரும் கயானாக்காரப் பெண் ஒருத்தி, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போன வேலையாட்களின் பெயர் என்ன என்று கேட்டாள். புத்தகத்தில் பெயர் இல்லை. தலையில் கிப்பா அணிந்த ஒரு யூதப் பையன், தன் தாத்தா பகலில் தையல் வேலை செய்துவிட்டு இரவில் டால்முட் படித்தவர் என்றும், உழைப்பும் படிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது தங்கள் மதத்தில் பழைய போதனை என்றும் சொன்னான். வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள், அன்றிரவே அவரவர் வீட்டுக்குப் போகப்போகிறவர்கள். அந்த அறையில் ஸாந்திப்பியைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

வீட்டிலிருந்து போய் வருகிறவன் கல்லூரியிலிருந்து எதையாவது வீட்டுக்குக் கொண்டுவருவான் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்து கல்லூரிக்கும் ஒன்று போகிறது என்பதை அன்று பார்த்தேன். விடுதியில் தங்குகிறவன் கேள்விகளை விட்டுவிட்டுப் போகிறான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்றிரவு கேட்ட கேள்வி இன்று சாயங்காலம் வகுப்புக்கு வரும் வேகம் இந்தப் பாதைக்கு உண்டு.

நம் நூல்களிலும் இந்த வழி உண்டு என்று பிறகு கண்டேன். பிருஹதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் வீட்டைத் துறந்து கிளம்புகிறார். இரண்டு மனைவிகள். சொத்தைப் பிரித்துக் கொடுக்கப் பார்க்கிறார். மைத்ரேயி, இந்தச் செல்வத்தால் எனக்கு மரணமில்லாமை கிடைக்குமா என்று கேட்கிறாள். அவளுக்கு அவர் ஆத்ம உபதேசம் செய்கிறார். காலங்காலமாக மைத்ரேயியைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவள்தான். மற்றவள் காத்யாயனி. வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அறிவு மட்டும் உடையவள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது உபநிஷத். அந்த உரையாடல் நடந்தபோது யார் சமைத்துக்கொண்டிருந்தார்கள் என்று என் மாமியார் இருந்திருந்தால் கேட்டிருப்பார். புடவைக் கடையில் மடிப்புக் கலைந்ததை அடுக்கும்போது நான் காத்யாயனி, ஆறரைக்கு மைத்ரேயி, பத்து மணிக்கு மறுபடி காத்யாயனி. இரண்டு பெண்களையும் ஒரே உடம்பில் வைத்துக்கொள்ள ஒரு பஸ் எனக்கு உதவியது.

கொங்கணவர் கதையைச் சிறுவயதில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பார்வையாலேயே கொக்கை எரித்த தவசி, பிச்சை போடத் தாமதித்த, திருவள்ளுவரின் மனைவி வாசுகியை முறைக்கிறார். என்னையும் அந்தக் கொக்கென்று நினைத்தாயா என்று அவள் கேட்கிறாள். காட்டில் நடந்தது வீட்டுக்குள் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது? மகாபாரத வனபர்வத்தில் இதே கதை இன்னும் நீளமாக இருக்கிறது. அங்கே தவசியின் பெயர் கௌசிகன். கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பெண் அவனை மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அனுப்புகிறாள். அவர் கௌசிகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தர்மம் பேசுகிறார். பிறகு தன் வயதான தாய் தந்தையைக் காட்டுகிறார். கடைசியில் கௌசிகனிடம் சொல்வது இதுதான்: வேதம் படிக்க நீ பெற்றோரிடம் அனுமதி கேட்காமல் வந்துவிட்டாய்; அந்தத் துயரத்தில் அவர்கள் கண் இழந்திருக்கிறார்கள்; திரும்பிப் போ.

படித்தது முழுமையாக அவன் இன்னும் ஒன்றே ஒன்று செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நூல்களில் மட்டுமல்ல, இந்த ஊரிலும் வீட்டின் பெருமைக்கு ஒரு கதை உண்டு. எங்கள் கோயில் இருக்கும் தெருவுக்கு ஜான் பௌன் என்பவரின் பெயர். 1662இல், தடை இருந்தும், குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் தன் வீட்டுக்குள் கூடி வழிபட இடம் கொடுத்ததற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்டவர். ஹாலந்து வரை போய் வாதாடி வென்று திரும்பி வந்தார். வழிபாட்டு உரிமைக்காக அமெரிக்க மண்ணில் நடந்த ஆரம்பகாலப் போராட்டங்களில் ஒன்று ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே நடந்திருக்கிறது. அந்த வீடு இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. 1977 ஜூலை 4ஆம் தேதி எங்கள் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் ஆனது அதே தெருவில்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்னது பாதிப் பொய்.

'ஸ்கூல்' என்ற சொல் பிறந்தது ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து. படிப்புக்கு நேரம் வேண்டும். எதற்கும் ஓடாத நேரம். எனக்கு அது கிடைக்கவில்லை. நூலகம் பூட்டும் வரை உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்ததே இல்லை. வகுப்பு முடிந்து காபி குடித்தபடி நள்ளிரவு வரை பேசுகிற நட்பு எனக்கு வாய்க்கவில்லை. 120 கிரெடிட்டைச் சிறுகச் சிறுகச் சேர்க்க எட்டு வருடம் ஆனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று காணாமல் போவார்கள். ஒருத்தியின் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒருவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. அந்தக் கயானாக்காரப் பெண்ணும் நான்காவது வருடத்துக்கு மேல் வரவில்லை. போய் வருவதே தவம் என்று பாடிவிட்டு அவர்களை மறந்தால் அது பாவம். முடியாமையை விரதம் என்று சொல்லக் கூடாது. விரதம் என்பது முடிகிறவர் எடுத்துக்கொள்வது.

இதை முதலில் புரிந்துகொண்டது இந்த நகரம்தான் என்று நினைக்கிறேன். 1847இல் டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வியாபாரியின் முயற்சியில், நியூயார்க் மக்கள் வாக்களித்து 'ஃப்ரீ அகாடமி'யை உண்டாக்கினார்கள். பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது ஹாரிஸின் எண்ணம். க்யூனியின் விதை அதுதான். கல்விக் கட்டணம் கிடையாது. நகரம் திவாலாகும் நிலைக்கு வந்த பிறகு, 1976இல் கட்டணம் விதித்தார்கள். அதுவரை 129 வருடம், பகலில் தைத்தும் சுமை தூக்கியும் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் காசு கொடுக்காமல் படித்தார்கள். வித்யாதானம் என்கிறோமே, அதை ஒரு நகரம் வரிப்பணத்தில் செய்தது. வீட்டிலிருந்து ஒருவர் கல்லூரிக்குப் போகும்போது வீட்டுக்குப் போகும் சோறு குறையக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். போய் வரும் பாதையைத் தவம் என்று நான் சொல்ல வேண்டுமானால், அந்தப் பாதையைச் சுமக்க ஊர் தோள் கொடுக்க வேண்டும்.

குவீன்ஸ் காலேஜின் லத்தீன் வாசகத்துக்கு, தொண்டு செய்வதற்காகக் கற்கிறோம் என்று பொருள். யாருக்குத் தொண்டு? வீட்டுக்கு மட்டுமா?

நூலகத்தின் மேல் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடும்போது அதைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்வேன். அதற்கு சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்று மூன்று பேருடைய பெயர். ஆண்ட்ரூ குட்மன் குவீன்ஸ் காலேஜ் மாணவர், வயது 20. மிஸிஸிப்பியில் கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்ய உதவுவதற்காக 1964 ஜூன் 20ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார். மறுநாள் மூவரும் எரிக்கப்பட்ட ஒரு கறுப்பின மக்களின் தேவாலயத்தைப் பார்க்கப் போனார்கள். அன்றிரவே வெறியர்கள் அவர்களைக் கொன்றார்கள். ஆகஸ்டு 4ஆம் தேதி ஒரு மண் அணைக்குள்ளிருந்து உடல்களை எடுத்தார்கள்.

நம் ஊரில் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும். மறந்து 'போறேன்' என்று சொல்லிவிட்டால் என் மாமியார் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்புவார். அந்தக் கூண்டைப் பார்க்கும்போதெல்லாம், வராமல் போன அந்தப் பையனின் அம்மாவை நினைத்துக்கொள்வேன். போய் வருவதில்தான் கல்வி நிறைகிறது என்ற என் வாதம் அந்தக் கூண்டுக்குக் கீழே நின்றால் தடுமாறும். எட்டு வருடம் தடுமாறிய பிறகு எனக்குத் தோன்றியது இது. அவர் வீட்டை விட்டு ஓடவில்லை. வீட்டின் எல்லையை நகர்த்தினார். யாரோ ஒருவரின் தேவாலயம் எரிந்தபோது, தன் தெருவில் எரிந்ததுபோல அவருக்குப் பட்டது. சாக்ரடீஸின் வீட்டில் விளக்கு ஏற்றியது யார் என்று கேட்ட என் மாமியாருக்கும் அப்படித்தான். பார்க்காத ஊரில், இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன் இருந்த ஒருத்தி அந்த இரவில் அவருக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரி ஆகிவிட்டாள். 'விடு' என்ற வேருக்கு எனக்குக் கிடைத்த பொருள் இதுதான். விட வேண்டியது வீட்டை அல்ல. அதன் சுவர் இங்கேதான் முடிகிறது என்ற எண்ணத்தை.

மாமியார் 2005இல் போய்ச் சேர்ந்தார். பட்டமளிப்பைப் பார்க்கவில்லை. காரியம் முடிந்து மறுபடி வகுப்புக்குப் போய் வந்த முதல் நாள், சமையலறை விளக்கு எரிந்தது. சாப்பாடு மூடி வைத்திருந்தது. வீட்டில் எல்லோரும் அன்பானவர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், பஸ் தாமதமா என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அன்று படித்தது பையிலேயே கிடந்தது. சில வாரம் அப்படியே போனது. குறிப்பேட்டின் ஓரத்தில் தமிழ் எழுத்தும் நின்றுபோனது. ஒன்றரை வருடம் கழித்துப் படிப்பை முடித்தேன். ஆனால் நான் படித்த கல்லூரியில் பாதி அவரோடு போய்விட்டிருந்தது.

அதனால்தான் தோழிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இந்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே மேஜை. எந்தக் கல்லூரி என்பது அவள் மகள் முடிவு செய்ய வேண்டியது என்றேன். வெளியூர் போக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு உள்ளே ஒரு தாகம் இருந்தால் அதையும் நான் குறை சொல்லமாட்டேன். சில வீடுகளில் மூச்சு விடவே தூரம் வேண்டியிருக்கிறது. "ஆனா அது வீட்டுலேர்ந்து போய் வர்ற காலேஜ்தானேன்னு சொன்ன பாரு, அதுக்குப் பதில் உன்கிட்டதான் இருக்கு. காலேஜ் அவங்க வேலையைச் செய்வாங்க. ராத்திரி பத்து மணிக்கு அவ வந்து செருப்பைக் கழட்டறப்போ நீ அவகிட்ட என்ன கேப்ப?"

தோழி யோசித்தாள். "நான் என்னக்கா கேக்க முடியும்? அவ படிக்கிறது எனக்கு என்ன புரியும்?"

மகள் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"என் மாமியார் அஞ்சாங் கிளாஸ்," என்றேன். "அவங்க கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதி முடிக்கலை."